மாதத்து முதல் ஞாயிறு

அவள் சிவப்பாக இருப்பாளோ? கூந்தல் இடுப்புக்குக் கீழே இறங்குமோ? மலாக்கா டவுனில் வளர்ந்தவள் என்றால் இங்கிலீஷும் பேசுவாளே. அவர் இங்கிலீஷில் ஏதாவது சொல்ல, அவளும் அதிலேயே பதில் சொல்லிச் சிரிப்பாளோ?

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த ராஜம்மாவின் விரல்கள் நின்றன. பொறுக்கி எடுத்த கற்களை எல்லாம் முறத்திலேயே திரும்பப் போட்டிருந்தாள்.

ஆறு நாளாக இதே நினைப்பு. முகம் தெரியாத ஒருத்திக்கு அவளே மூக்கு வைத்து, கண்ணுக்கு மை எழுதி, சேலை கட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். நாளுக்கு நாள் அந்த ஒருத்தி இன்னும் கொஞ்சம் அழகாகிக்கொண்டே போனாள்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் இதற்கு வித்து விழுந்தது. "லயத்து வீட்டுத் தோட்டத் தொழிலாளிங்க பேர்ப் பட்டியல் போலீசுக்கு அனுப்பணும், ஆபீஸ்ல வேலை இருக்கு" என்று தனபாலன் காலையிலேயே கிளம்பிவிட்டான். கிளன்மோர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி அவன். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளை அடக்க அவசரகாலம் வந்ததிலிருந்து பட்டியல் எழுதியே அவன் விரல் தேய்ந்துபோயிருந்தது உண்மைதான். பாவமென்று ராஜம்மா மத்தியானச் சாப்பாட்டைக் கேரியரில் எடுத்துக்கொண்டு போனாள். ஆபீஸ் பூட்டிக் கிடந்தது.

காவல்காரர் முனியாண்டி தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு எழுந்தார். "கிராணி ஐயா காலையிலேயே மலாக்கா பஸ்ல போயிட்டாரேம்மா. மாசா மாசம் முதல் ஞாயிறு போறதுதானே?"

"அட, ஆமா. சொல்லிட்டுத்தான் போனாரு. நான்தான் மறந்துட்டேன்" என்று சிரித்துவிட்டு, கேரியரை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தாள். அந்தச் சிரிப்பு வீடு வந்து சேரும்வரை முகத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது.

தோட்டத்து முள்கம்பி வேலியின் கேட்டை ஆறு மணிக்குப் பூட்டுவார்கள். அதற்குக் கால் மணி இருக்கும்போது தனபாலன் வந்தான். சட்டையில் கடல் வாசம். வாய்க்குள்ளே ஏதோ பாட்டு. "பட்டியல் முடிஞ்சுதா?" என்று அவள் கேட்டாள். "முடிஞ்சுது" என்றான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

வியாழக்கிழமை வேறு இடி விழுந்தது. கோலா சுங்கை பாருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் இப்ராஹிமைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. தனபாலனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். நோன்புப் பெருநாளுக்குப் பிரியாணி கொண்டுவருவான், தீபாவளிக்கு வந்து முறுக்கு தின்பான். நேற்று தனபாலன் மஸ்ஜித் தானா ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்து, தட்டில் கை வைக்காமல் எழுந்துவிட்டான்.

அவன் அப்படிக் கலங்கி நின்றபோது, ராஜம்மாவுக்குள் வெட்கங்கெட்ட ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. எப்படியோ, இந்த வாரம் முழுக்க இவருக்கு அவள் நினைப்பு வந்திருக்காது.

*

பத்து மணி வாக்கில் வாசலில் நிழல் விழுந்தது. துப்பட்டியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு இப்ராஹிமின் மனைவி ரபியா நின்றாள்.

"வா ரபியா. தனியாவா வந்தே?"

"மூணு இடத்துல பையைக் கொட்டிப் பார்த்துட்டாங்க அக்கா. உங்க கேட்டுல ஒரு பொம்பள என் கொண்டையையும் அவுத்துப் பார்த்தா. கொண்டைக்குள்ள என்ன, அரிசி மூட்டையா கட்டி வெச்சிருக்கேன்?"

சொல்லிச் சிரித்தவள் அப்படியே உட்கார்ந்து அழத் தொடங்கினாள். ராஜம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ரபியா குடிக்கவில்லை. டம்ளரை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஊருக்கு அனுப்பிடுவாங்களாம் அக்கா. கப்பல்ல ஏத்தி நாகப்பட்டினம். எனக்கு அந்த ஊரு கெழக்கா மேற்கான்னுகூடத் தெரியாது. மூணு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்? நீங்க சொல்ற ஒரு வார்த்தையிலதான் இருக்கு எல்லாம். முயல் அண்ணே உங்ககிட்ட சொல்லியிருப்பாரே."

"யாரு?"

ரபியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அண்ணேதான். தனபாலன் அண்ணே. பள்ளிக்கூடத்துல அப்படித்தான் கூப்பிடுவாங்களாம். கண்ணைப் பாதி திறந்துக்கிட்டே தூங்குவாராமே, முயல் மாதிரி! எங்க வீட்டுக்காரங்க பேரு டப்பா. ஓயாம சத்தம் போடறதால."

ராஜம்மா சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

பாதி திறந்த கண்ணோடு அவன் தூங்குவதைக் கல்யாணமான மறுநாள் விடியற்காலையில் அவள் பார்த்தாள். எட்டு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. இந்த உலகத்தில் தனக்கு மட்டுமே தெரிந்த விஷயம் என்று பொத்தி வைத்திருந்தாள். அதற்கு ஒரு வகுப்பே சேர்ந்து பேர் வைத்திருக்கிறது. கோலா சுங்கை பாருவில் ஒரு பெண்பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

"நான் என்ன வார்த்தை சொல்லணும்?" என்று கேட்டாள்.

"போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரங்க இங்க வந்தாங்கன்னு. பால் டின் ரெண்டு கொண்டாந்தாங்க, நீங்க பாயாசம் வெச்சீங்கன்னு."

"வரலையே ரபியா."

"வரலைதான். உம்பாய்லதானே இருந்தாங்க?" என்று ரபியா சாதாரணமாகச் சொன்னாள். பிறகு ராஜம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "ஏன் அக்கா, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமே" என்றாள் ராஜம்மா. "முழுசாத் தெரியாது. நீ சொல்லு."

ரபியா சொன்னாள். தெரிந்தவளிடம் சொல்வது போலவே, இடையிடையே 'உங்களுக்குத்தான் தெரியுமே' என்று சேர்த்துச் சேர்த்துச் சொன்னாள். ஒவ்வொரு 'தெரியுமே'யும் ஊசியாக இறங்கியது.

மாதத்து முதல் ஞாயிறு மூன்று பேர் உம்பாய் கடற்கரையில் கூடுகிறார்கள். தனபாலன், இப்ராஹிம், நாகமுத்து. மலாக்காவில் ஓர் ஆண்கள் பள்ளியின் விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர்கள். நாகமுத்து பிறகு தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் காரியதரிசியாக இருந்தவன். நாற்பத்தெட்டில் அவசரகாலம் வந்து சங்கங்களை மூடியபோது அவனைத் தேடி ஜீப் வந்தது. அவன் காட்டுக்கும் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. நாலு வருஷமாக வேறு பேரில் உம்பாயில் மீன் காயப்போட்டுப் பிழைக்கிறான்.

"பால் டின்?"

"அதுதான் அக்கா வினை! விடுதியில இருக்கறப்ப காம்பஸ் ஊசியால டின்னுல ரெண்டு ஓட்டை குத்தி, மாத்தி மாத்தி உறிஞ்சுவாங்களாம். யாரு குத்தறாங்களோ அவங்களுக்குத்தான் முதல் வாய். இன்னும் அந்தப் பைத்தியம் விடல. அந்தக் காம்பஸ் இப்பவும் எங்க வீட்டுலதான் இருக்கு."

ராஜம்மாவுக்குப் புரிந்தது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடக் கூடாது என்று, கடையில் எந்த டின்னை விற்றாலும் விற்கும்போதே ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சட்டத்தை அந்த வட்டாரத்துக்கே எடுத்துச் சொல்கிற கடைக்காரன், முழு டின் இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறான்.

"கடையிலயே குத்திட்டா ருசி போயிடுமாம்" என்று ரபியா மூக்கை உறிஞ்சினாள். "மஸ்ஜித் தானா முச்சந்தியில பஸ்ஸை நிறுத்திப் பார்த்திருக்காங்க. எங்க வீட்டுக்காரங்க வாய்ல வந்ததைச் சொல்லிட்டாங்க: 'கிளன்மோர் தோட்டத்துக் கிராணி வீட்டுக்குப் போறேன், பாயாசத்துக்கு.' போலீஸ்காரங்க எழுதிக்கிட்டு விட்டுட்டாங்க. இப்ப அந்த டின் எங்க போச்சுன்னு கேக்கறாங்க. உம்பாயின்னு சொன்னா நாகமுத்து அண்ணே போச்சு. அதனால உங்க வீடுன்னே சொல்லிட்டாங்க, தனபாலன் அண்ணேயும் நேத்து ஆமான்னு எழுதிக் கொடுத்துட்டாரு. இன்ஸ்பெக்டரு என்ன சொன்னாராம் தெரியுமா? 'நீங்க ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம், ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லுவீங்க. பாயாசம் வெச்ச அம்மா வந்து சொல்லட்டும்'னு."

"அந்த நாகமுத்துக்காக ரெண்டு பேரு இவ்வளவு தூரம் போகணுமா?"

ரபியா நிமிர்ந்து பார்த்தாள். "என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? அவரு இல்லேன்னா உங்களுக்கு இந்தத் தாலியே ஏது?"

அதையும் ரபியாதான் சொல்ல வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருவன் வராவிட்டால், பேர் கூப்பிடும்போது இன்னொருவன் அவனுக்காக "பிரசண்ட் சார்" சொல்லிவிடுவானாம். ஜப்பான்காரன் காலத்தில், நாகமுத்து தனபாலனோடு தோட்டத்தில் தங்கியிருந்தபோது, போனவர்கள் பலர் திரும்பாத சயாம் ரயில் ரோட்டு வேலைக்கு ஆள் எடுக்க லாரி வந்தது. பட்டியலில் தனபாலன் பேர் இருந்தது. நாகமுத்து பேர் இல்லை. "தனபாலன்" என்று கூப்பிட்டதும், அவன் காய்ச்சலில் கிடந்ததால், நாகமுத்து அந்தப் பேருக்குக் கை தூக்கி லாரியில் ஏறிவிட்டானாம். இரண்டு வருஷம் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான்.

ராஜம்மா முறத்தைக் கையில் எடுத்தாள். மறுபடியும் கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

ஒரு பெண்ணாகவே இருந்திருக்கலாம்.

ஒரு பெண் என்றால் திட்டலாம். பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டலாம். நாலு பேர் நியாயம் சொல்ல வருவார்கள். கடற்கரையில் உட்கார்ந்து பால் டின்னை உறிஞ்சும் மூன்று ஆம்பிளைகள்மேல் எந்தப் பொம்பளை போய்ச் சண்டை போடுவாள்? "என் புருஷன் சிநேகிதர்களோடு சிரிக்கிறார்" என்று யாரிடம் சொல்லி அழுவது?

இதைவிட வலித்தது இன்னொன்று. இப்ராஹிம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் பெண்டாட்டியிடம் கொட்டியிருக்கிறான். உம்பாய்க் கருவாடு வரை, முயல் வரை, சயாம் வரை. தன் வீட்டுக்காரர் 'பட்டியல் முடிஞ்சுது' என்ற ஒரு வார்த்தையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். தன் தாலியின் கதையை அடுத்தவள் வாயால் கேட்கும்படி வைத்துவிட்டார்.

எதிரே அழுதுகொண்டிருந்தவளைப் பார்க்க ராஜம்மாவுக்குப் பரிதாபமாக இருந்தது. அதே நேரம், இவள் எழுந்து போனால் தேவலை என்றும் இருந்தது.

"நீ உள்ளே போய்க் கொஞ்சம் படு ரபியா. அவரு வரட்டும்" என்றாள்.

*

பன்னிரண்டரைக்குத் தனபாலன் வந்தான். சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"ராஜம், மூணு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு வர்றாரு. உன்னை ஒரு விஷயம் கேப்பாரு. பயப்படாதே. நான் சொல்றதை அப்படியே..."

"ரபியா உள்ளே படுத்திருக்கா" என்றாள் ராஜம்மா.

அவன் முகம் மாறியது. "என்ன சொன்னா?"

"எல்லாம் சொன்னா. நீங்க முயலாமே."

தனபாலன் தரையைப் பார்த்தான்.

"போன ஞாயித்துக்கிழமை உங்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு ஆபீசுக்கு வந்தேன். பூட்டிக் கிடந்துச்சு. முனியாண்டி அண்ணன் பார்த்தாரு. பாயாசம் வெச்சு விருந்தாளிய உக்கார வெச்சவ, எதுக்குப் புருஷனைத் தேடிக்கிட்டுக் கேரியரோட வந்தாள்னு இன்ஸ்பெக்டர் அவரைக் கேட்டா?"

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். ஆறு நாளாக இவள் தெரிந்துவைத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள் என்பது அவனுக்கு உறைத்ததா? அதை அவன் முகத்தில் தேடினாள். உறைக்கவில்லை. அவன் கணக்கு வேறு பக்கம் ஓடியது.

"முனியாண்டியை நான் பார்த்துக்கறேன். நான் சொன்னா அவரு வாயைத் திறக்க மாட்டாரு."

"சரி."

"அவ்வளவுதான் ராஜம். ஒரே ஒரு வார்த்தை. 'வந்தாங்க'ன்னு சொன்னாப் போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

"ஒண்ணு கேக்கலாமா?" அவள் குரல் உயரவில்லை. "சயாமுக்கு உங்க பேர்ல போனது நாகமுத்துதான்னு ஏன் என்கிட்ட சொல்லல? காய்ச்சல்ல கிடந்தது ஒரு குத்தமா?"

உள்ளே ரபியா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. அவன் குரலைத் தாழ்த்தினான்.

"காய்ச்சல் இல்ல ராஜம். கக்கூசுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தேன். லாரி போற வரைக்கும். காய்ச்சல்னு சொன்னது அவன். இன்னிக்கு வரைக்கும் அப்படியேதான் சொல்லிக்கிட்டிருக்கான்."

"இப்ராஹிமுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவங்க ரெண்டு பேருக்கும் தெரியும். அங்க போனா எனக்கு வெட்கமா இல்ல. அதான் போறேன். அவங்க முன்னாடி நான் எப்பவோ கோழையா இருந்து முடிச்சிட்டேன்."

"என் முன்னாடி?"

"உன் முன்னாடி நான் புருஷன்லா" என்றான் அவன்.

ராஜம்மா அவனையே பார்த்தாள். முப்பது வயதுக்கு மேல் ஆன அந்த முகத்தில், லாரிச் சத்தம் தேயக் காத்திருந்தவன் ஒரு கணம் தெரிந்தான். அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதானே. தன் புருஷன் உயிருக்கு இரண்டு வருஷம் வெயிலில் நின்றவனுக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

அவள் கை எழுந்தே விட்டது. அப்போதுதான் ஜெயா பள்ளிவிட்டு ஓடிவந்தாள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் முதல் வகுப்புப் படிக்கும் ஆறு வயசு. சனிக்கிழமையும் பாட்டுப் பழக்கம் என்று வரச்சொல்லியிருந்தார்கள்.

அப்பாவைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றாள்.

"அப்பா, சொல்லட்டா? மறக்கவே இல்ல. 'ஞாயித்துக்கிழமை இப்ராஹிம் மாமா வந்தாங்க. அம்மா பாயாசம் வெச்சாங்க. நான் ரெண்டு டம்ளர் குடிச்சேன்.' சரியா?"

தனபாலன் பதறிப்போய், "அப்புறம் சொல்லலாம்மா, உள்ளே போ" என்றான்.

"முந்திரிப்பருப்பு இருந்துச்சு. அதை நானாச் சேர்த்துக்கிட்டேன்" என்றாள் ஜெயா பெருமையாக. பிறகு அம்மாவைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ! அம்மாகிட்ட இப்ப சொல்லக்கூடாதுன்னு சொன்னீங்கல்ல. நம்ம ரெண்டு பேரு ரகசியம்."

ராஜம்மா மகளைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினாள். "ஜெயா, அன்னிக்கு நாம என்னடி செஞ்சோம்? நீயும் நானும்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூட்டிய ஆபீசிலிருந்து திரும்பி வந்தவள், அழக்கூடாது என்பதற்காக மகளைக் கூட்டிக்கொண்டு கொல்லைப்புறத்தில் பாண்டி ஆடினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நொண்டினாள். ஜெயா விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா பாண்டி ஆடி அவள் பார்த்ததே இல்லை. "அடுத்த ஞாயித்துக்கிழமையும் ஆடணும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்த நாளில் ராஜம்மாவுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

ஜெயா யோசித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"பாயாசம் குடிச்சோம்" என்றாள்.

"அதுக்கு முன்னாடி?"

"மாமா வந்தாங்க."

ராஜம்மா மகளின் தலையைத் தடவி, "போய்க் கை கால் கழுவு" என்று அனுப்பினாள்.

அவளுக்குள் எழுந்து நின்ற இரக்கம் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டது. அதன் இடத்தில் வந்தது நியாயமா, வெறும் பொறாமையா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. இத்தனை வருஷமாகத் தனக்குக் காட்டாத ஞாயிற்றுக்கிழமைகளை அவர் வைத்துக்கொண்டார். போகட்டும். இப்போது தன்னிடமிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள்ளும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் நுழைந்து, பாய் விரித்து உட்கார்ந்து, பாயாசம் குடித்துவிட்டார்கள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளோ என்னவோ. யாரும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டருக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது, மகளுக்குச் சொல்லியாகிவிட்டது, எல்லாருக்கும் பிறகு கடைசியாகத்தான் அவள்.

சமையல்கட்டு வாசலில் ரபியா வந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாளோ, எவ்வளவு கேட்டாளோ தெரியவில்லை. துப்பட்டி நழுவிக் கிடந்தது.

"அக்கா" என்றாள்.

இரண்டே முக்காலுக்கே ஆபீஸ் பக்கம் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தனபாலன் எழுந்தான். அலமாரியைத் திறந்து, அவளுடைய ஊதா நிறச் சேலையை எடுத்து நாற்காலியின் மேல் வைத்தான். அவனாக அவளுக்குச் சேலை எடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

"நேரமாச்சு ராஜம். இதைக் கட்டிக்கிட்டு வா."

ராஜம்மா சேலையை எடுத்தாள். அவன் மூச்சு விட்டான். அவள் அதன் மடிப்பு கலையாமல் அலமாரியில் திரும்ப வைத்து, கதவைச் சாத்தினாள்.

"நீங்க போங்க. நான் வரலை."

"ராஜம்! நீ வராட்டி என்ன ஆகும்னு தெரியுமா? அவன் போனான், நானும் போனேன்!"

"தெரியும்."

"அப்போ இன்ஸ்பெக்டர்கிட்ட நான் என்ன சொல்றது?"

அவள் ரபியாவைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை.

"அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்கன்னு எனக்குத் தெரியாம வெச்சிருந்தீங்க. இன்னிக்கும் எனக்குத் தெரியாதுன்னே சொல்லுங்க."